நிறத்தைச் சொன்னால் போதும்

எட்டாவது தடவையும் மிதித்து முடித்தபோது கஜனிக்குக் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஒரு நிமிடம் உயிர் போகிற மாதிரி மிதிக்க வேண்டும், ஒரு நிமிடம் ஆறுதலாக. இப்படி எட்டுத் தரம். சென் தெனியில் இருந்த ஓர் ஆய்வுகூடத்தின் நகராத சைக்கிளில் ஆறு கிழமையாக அவள் மிதித்த மிதிக்கு லண்டனுக்கே போய் வந்திருக்கலாம்.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவள் சமைக்கும் கடைக்குச் சாப்பிட வருகிறவள் ஆர்த்திகா, சென்னையிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்த பெண். இருபதுகளில் இருப்பவர்கள் இப்படி விட்டுவிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்தால் மூளை கூர்மையாகிறதா என்று பார்க்கிறோம் என்றாள். ‘பார்க்கிறோம்’ என்றதைக் கஜனி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூர்மையாகும் என்றே எடுத்துக்கொண்டாள். பாவம், வேறென்ன செய்வாள்? பிரெஞ்சுச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டவள். அதில் தேறாமல் பத்து வருட வதிவிடக் கார்ட் கிடையாது. மூன்றாம் சோதனை நாளைக் காலை. நாள் முழுக்கத் தமிழிலேயே சமைத்துத் தமிழிலேயே ஏச்சு வாங்குகிறவளுக்குப் பிரெஞ்சு எங்கிருந்து வரும்? அவளோ தன் மண்டையில்தான் கோளாறு என்று நம்பியிருந்தாள்.

வியர்வை காயுமுன் கடைசித் தேர்வு. பச்சை என்பதற்கான பிரெஞ்சுச் சொல் திரையில் சிவப்பு எழுத்தில் வரும். சொல்லை விட்டுவிட்டு, எழுத்தின் நிறத்துக்குரிய பொத்தானை அமுக்க வேண்டும். கஜனி படபடவென்று அமுக்கினாள். ஒரு பிழை இல்லை. எல்லாரும் தடுமாறுகிற இடத்தில் இவள் முதல் நாளும் தடுமாறவில்லை, இன்றும் இல்லை என்று ஆர்த்திகா வியந்தாள். கஜனிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

“அப்ப என்ரை மூளை நல்லாத்தானே கிடக்கு, அக்கா?”

ஆர்த்திகா திரையிலிருந்த கணக்கை இன்னொரு தரம் பார்த்தாள். “கஜனி, அந்த வார்த்தையெல்லாம் உங்களுக்குத் தானாவே படிக்க வந்துச்சா?”

“நிறத்தைத்தானே கேட்டனீங்கள். வாசிக்கிறதெண்டால் நான் எழுத்துக்கூட்டியெல்லோ வாசிக்கவேணும்.”

பிரெஞ்சு நன்றாக வாசிக்கிறவர்களுக்குச் சொல் தானாக உள்ளே புகுந்து குழப்புமாம். பயிற்சிக்குப் பிறகு அந்தக் குழப்பம் குறைகிறதா என்பதைத்தான் அளக்கிறார்களாம். கஜனிக்குள் சொல் புகவே இல்லை. பிரெஞ்சு சரளமாக வாசிப்பீர்களா என்று படிவத்தில் கேட்டதற்கு அவள் ‘ஓம்’ போட்டிருந்தாள். எதைக் கேட்டாலும் ‘ஓம்’ போட்டுவிடுவது இந்த நாட்டில் அவள் பழகிக்கொண்ட பாதுகாப்பு. இவளுடைய முடிவுகளை ஆய்வில் சேர்க்க முடியாது என்று ஆர்த்திகா வருந்தினாள்.

“உங்க மூளைல ஒரு குறையும் இல்ல.”

அதுதான் கஜனியை உடைத்தது. குறை இருந்திருந்தால் திருத்தலாமே.

வீடு இருக்கும் வில்லியே லே பெல் போகும் ரயிலுக்காக நின்றாள். மேடைப் பலகையில் ரயில் பற்றிய அறிவிப்பு ஓடத் தொடங்கியது. சனம் அண்ணாந்து பார்த்தது, சலித்துக்கொண்டது, பையைத் தூக்கிக்கொண்டு படிகளை நோக்கி நடந்தது. எப்போதும் பலகையை வாசிக்காமல் சனத்துக்குப் பின்னாலேயே ஓடுகிறவள், இன்று ஓடவில்லை. முதல் எழுத்திலிருந்து கூட்டினாள். மூன்றாம் சொல்லுக்கு வந்தபோது பலகை மாறிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். மேடையில் யாருமில்லை.