உலர் அரைப்பு

கோவில்பட்டிக் கல்லூரி ஒன்றில் ஆனந்தி பசுமை வேதியியல் நடத்துகிறாள். செவ்வாய்க்கிழமை அவள் நடத்திய பாடம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சில பொருள்களைத் தண்ணீர்கூட ஊற்றாமல் கல்வம் என்கிற சிறு உரலில் உலர அரைத்தாலே போதும், கழிவுநீரே வராது என்றாள். குடிதண்ணீருக்கு எட்டு நாள் காத்திருக்கிற கரிசல்காட்டுப் பிள்ளைகள் விடுவார்களா, கண்ணுகளா? ஆளுக்கொரு யோசனையோடு வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடித்த பிறகு, ஆனந்தி ஆய்வகத்துக்குத் திரும்பினாள். கூடவே மாணவி இசக்கிச்செல்வி. அவள் அப்பா கொம்பையா தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்குகிறவர். தொழிற்சாலைக்கு இங்கே ஆபீஸ் என்றும், குச்சியின் தலையில் ஏறுகிற கலவைக்கு மருந்து என்றும்தான் பேர்.

உள்ளே செல்வியோடு படிக்கிற லிங்கராஜ் தனியாக நின்றான். அதே ஆபீஸ் முதலாளியின் மகன். அங்கிருந்து கொண்டுவந்த, மருந்தில் சேர்கிற வெள்ளை உப்பையும் மஞ்சள் கந்தகத்தையும் கல்வத்தில் கொட்டி, குழவியால் அரைத்துக்கொண்டிருந்தான்.

அந்த இரண்டையும் பசைத்தண்ணீரில்தான் சேர்ப்பார்கள். உலர உரசினால் வெடிக்கும். அவன் முகமோ கல்வத்துக்கு ஒரு சாண் மேலே. கத்த வாயெடுத்த ஆனந்தியின் மணிக்கட்டைச் செல்வி பிடித்து அழுத்தினாள்.

“சத்தம் போடாதீய மிஸ்,” என்றாள் காதோடு. “மருந்தறையில யாரும் யாரையும் சத்தமாக் கூப்பிட மாட்டாவ. திடுக்குன்னா கை அழுந்திரும்.”

செல்வி மெதுவாக நடந்து அவனுக்கு எதிர் மேசையில் சாய்ந்தாள்.

“என்னல, சாப்பிடப் போகலயா?”

“தண்ணியில்லாம மருந்து செய்யுதேன். எங்கப்பா அசந்துருவாவ, பாரு.”

“அசருவாவ. செத்த நிப்பாட்டு. குழவியத் தூக்காத, கையையும் எடுக்காத. என் மூஞ்சியப் பாரு.”

“உன் மூஞ்சியில என்னட்டி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. சும்மா பாரேன்.”

சிரித்துக்கொண்டே பார்த்தான். கை நின்றது.

ஆனந்தி குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. செல்வியின் பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை வாங்கி, கல்வத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அப்போதுதான் லிங்கராஜுக்கு உறைத்தது.

“மிஸ்... கை நடுங்குது.”

“நடுங்கட்டும்பா. நான் பிடிச்சுக்கிடுதேன்.”

அவன் கைமேல் தன் இடது கையை வைத்து இறுக்கிப் பிடித்தாள். வலது கை தண்ணீரை விட்டபடி இருந்தது. வெள்ளை இருண்டது. குழவியடியில் ஒரு மஞ்சள் திட்டு மட்டும் நனையாமல் கிடந்தது. பாட்டிலைக் கவிழ்த்தாள். கடைசி வாய்த் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தது.

செல்வி குனிந்து பார்த்தாள். “நல்லா ஊறிட்டு. இப்ப விடலாம்.”

மூவரும் வெளியே வந்து வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“நீங்கதான மிஸ் உலர அரைச்சா நல்லதுன்னு சொன்னீங்க,” என்றான் லிங்கராஜ். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது.

“சொன்னேம்பா. எதை அப்படி அரைக்கவே கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன்.”

அவன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனந்தி ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைச் செல்வியிடம் கொடுத்தாள். யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு, நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லத் துறைத்தலைவர் அறைக்குப் போனாள்.