ஊற்றடியில் மொண்ட தண்ணீர்

ஓர் ஏரி நாறுகிறதா என்று தெரிந்துகொள்ள மூக்கு போதும் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசாங்கத்துக்கு மூக்கு கிடையாது. அதற்கு எண் வேண்டும். மாதாமாதம் ஆறு, ஏரி எல்லாவற்றிலும் தண்ணீர் மொண்டு, பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அதிலுள்ள அழுக்கு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். அதிகம் தின்றால் அந்த ஏரி நோயாளி. ரொம்பவும் தின்றால் முதல் வரிசை நோயாளி. முதல் வரிசையில் இருப்பதற்குத்தான் சாக்கடையைத் திருப்பிவிடுவார்கள், சுத்திகரிப்பு நிலையம் கட்டுவார்கள், அடியில் கிடக்கும் கசடை அள்ளுவார்கள். எண் தேறிவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

அந்தப் பட்டியல் போடும் பிரிவில்தான் தங்கச்சி வேலை பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்தது ஓர் ஏரிக்கரையில். அப்பா போன பிறகு அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் படகில் ஏறினான். அவன் பிடித்த மீன்தான் அவளைப் படிக்கவைத்தது. பிறகு பக்கத்து டவுன் பெருத்தது. அதன் சாக்கடை முழுவதும் ஏரிக்கு வந்து சேர்ந்தது. மீனை வாங்க ஆளில்லை. அண்ணன் அசரவில்லை. "என் தங்கச்சி ஆபீசுல இருக்கா. நம்ம ஏரிய அவ விட்ருவாளா?" என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடந்த ஒரு வருடமாக அந்த ஏரியின் எண் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. தங்கச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குழந்தைக்கு மூச்சிழுப்பு இருந்ததால் அவள் ஊர்ப் பக்கம் போயே வெகுநாளாகியிருந்தது. போனில்தான் சொன்னாள்.

"அண்ணே, நம்ம ஏரி நம்பர் நல்லா வருது!"

"அப்படியா பாப்பா! இன்னும் நல்லா வரும், பாரேன்."

மற்ற ஏரிகளின் எண்ணென்றால் அவள் நோண்டி நொங்கெடுத்துவிடுவாள். சொந்த ஏரி என்றதும் அந்தப் புத்தி எங்கே போனதோ, தெரியவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன. புதுப் பட்டியல் தயாரானபோது தன் ஏரியின் பெயரைத் தன் கையாலேயே அடித்தாள். நோய் தீர்ந்ததென்று அன்று பிரிவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மறுவாரம் அண்ணி போன் செய்தாள்.

"நாங்க கிளம்பறோம் கண்ணு. எங்க தம்பி ஊர்ல ஒரு மில்லுல காவல் வேலை இருக்காம். தங்கச்சியோட லிஸ்ட் வரட்டும், வரட்டும்னு இவர்தான் இழுத்துக்கிட்டிருக்கார். வந்துச்சா?"

அவள் அடுத்த நாளே பஸ் ஏறினாள். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் நாற்றம் முகத்தில் அறைந்தது. கரையோரம் மீன்கள் வயிறு மேலாகச் செத்துக் கிடந்தன. தண்ணீர் கறுத்து நுரைத்துக்கொண்டிருந்தது. எண் இறங்கிய ஏரி இதுதானா என்று நம்ப முடியாமல் நின்றாள்.

"என்ன ஆபீசர், அங்கயே நின்னுட்டே? வா, ஏறு" என்று அண்ணன் படகிலிருந்து கூப்பிட்டான். ஆள் பாதியாகியிருந்தான். சிரிப்பு மட்டும் குறையவில்லை.

"அண்ணே, சாம்பிள் எடுக்க யார் வர்றாங்க? எங்க எடுக்கறாங்க?"

"பாட்டில் வைக்க ஐஸ் பெட்டி தூக்கிட்டு வருவாரே உங்க ஆபீஸ்காரர், அவர்தான். நல்ல மனுஷன், ஆனா தண்ணின்னா உயிரே போயிடும் அவருக்கு. நீச்சல் தெரியாதுல்ல? மூணு இடத்துல எடுக்கணுமாம். நீயே மொண்டு குடுன்னு என்கிட்ட பாட்டிலக் குடுத்துட்டுக் கரையிலயே உக்காந்துக்குவார். வா, எடத்தக் காட்டறேன்."

அவன் துடுப்பை வலித்தான். சாக்கடை வாயைத் தாண்டி, செடி மண்டிய நடுப்பகுதியைத் தாண்டி, மறுகரைப் பாறையருகே கொண்டுபோய் நிறுத்தினான். அங்கே அடியிலிருந்து ஊற்று குமிழியிட்டது. அந்த ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் தெளிந்திருந்தது.

"மூணு பாட்டிலும் இங்கதான். ஏரியிலயே நல்ல தண்ணி இதான். உன் ஆபீசுக்குப் போறதாச்சே, கண்ட தண்ணியக் குடுத்துருவேனா? ஏரி பாஸ் பண்ணாத்தானே அவங்க செலவு பண்ணுவாங்க? நீ நல்லா வருதுன்னு சொன்னியா, அதுக்கப்புறம் இன்னும் பாத்துப் பாத்து மொண்டேன்."

பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அடுத்த மாதமும் இவன் இங்கேதான் மொள்ளுவான்.

"அண்ணே... இது பரீட்சை இல்லண்ணே. மோசமா இருக்கறதுக்குத்தான் செலவு பண்ணுவாங்க. நல்லா இருக்குன்னு வந்தா லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க."

"நம்ம ஏரிய?"

"எடுத்துட்டாங்க. நான்தான் அடிச்சேன்."

அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. புரியாமலே போயிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

"மறுபடி மொண்டு குடுக்கறேன் பாப்பா. சாக்கடை வாயிலயே மொண்டு குடுக்கறேன். மாத்திடு."

"அண்ணி போன் வந்ததுமே, மறுபடி சேக்கலாமான்னு நேத்து பெரிய அதிகாரிகிட்ட கேட்டேண்ணே. நல்லா இருக்குன்னு வந்த ஏரிக்கு எதுக்கும்மா வைத்தியம்னு சிரிக்கிறார். கையெழுத்தாகி மேல போயிடுச்சு. இனிமே அடுத்த லிஸ்ட் மூணு வருஷம் கழிச்சுத்தான்."

அவன் படகைத் திருப்பி வலித்தான். கரை நெருங்கியதும், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதே. சாக்கடைப் பக்கம் மொண்டு குடுங்கன்னு அவ தலபாடா அடிச்சுக்கிட்டா. உனக்கு என்னடி தெரியும்னு வாய அடைச்சுட்டேன்."

அண்ணி கரையிலேயே காத்திருந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தவள், படகைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால், வீட்டு வாசலில், கட்டிய மூட்டைகள் தெரிந்தன.

"என்ன கண்ணு ஆச்சு? நம்ம ஏரி வந்துச்சா?"

"வரல அண்ணி. கணக்குல தப்பாயிடுச்சு." அவள் படகிலிருந்து இறங்கினாள். "நான்தான் தப்பா போட்டுட்டேன்."

அண்ணன் மறுத்துப் பேசுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்றுதான் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவன் குனிந்து படகைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். அவன் தோள் குலுங்கியது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அண்ணி திட்டியிருந்தாலாவது தேவலாம். அவள் நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மூட்டையைத் தூக்க வாசலுக்குப் போனாள்.