எதிர்க்காற்றுக்குப் பத்து நிமிடம்

புருஷன் நேரத்துக்கு வீடு திரும்புகிறார் என்பதற்காக எந்தப் பெண்ணாவது சந்தேகப்பட்டதுண்டா? தென்காசியில் டியூஷன் எடுக்கும் சங்கரேஸ்வரி சந்தேகப்பட்டாள்.

அவள் புருஷன் முத்துச்செல்வம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, இப்போது ஒரு பேங்கில் செக்யூரிட்டி. சர்க்கரை கூடிவிட்டதென்று மாசியிலிருந்து தினமும் காலையில் சைக்கிள் மிதிக்கிறார். கிழக்கே பாவூர்சத்திரம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர், திரும்பப் பன்னிரண்டு. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு இருபதுக்கு வாசலில் நிற்பார். எண்பது நிமிடம், ஒரு நிமிடம் கூடாது, குறையாது.

ஆடி பிறந்தது. குற்றாலத்தில் சாரல், தென்காசியில் காற்று. மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த மேல்காற்று மாடியில் காயப்போட்ட துணியையெல்லாம் அடுத்த தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. டியூஷன் பிள்ளைகளுக்கு வேகக் கணக்கு எழுத உட்கார்ந்தவள், புத்தகத்திலிருந்த ஆற்றையும் படகையும் ஒதுக்கிவிட்டு, காற்றையும் சைக்கிளையும் போட்டாள். எண்களுக்கு எங்கே போக? புருஷன் சொல்லும் எண்களே இருந்தன.

காற்றில்லாதபோது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். போக நாற்பது நிமிடம், வர நாற்பது. பின்காற்றில் ஆறு கூடும், எதிர்க்காற்றில் ஆறு குறையும் என்று வைத்துக்கொண்டாள். போகும்போது பெற்ற லாபம் வரும்போது போய்விடும், விடை அதே எண்பதுதான் என்று நினைத்தே கணக்கைப் போட்டாள். போக முப்பது நிமிடம் வந்தது. வர ஒரு மணி நேரம். கூட்டினால் தொண்ணூறு.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அப்போதும் தொண்ணூறு. வேகமாகப் போகும் நேரம் கொஞ்சம், மெதுவாக வரும் நேரம் அதிகம். லாபம் நஷ்டத்தை எப்படி ஈடுகட்டும்? இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அடுத்தது உறைத்தபோது பென்சிலைக் கீழே வைத்தாள். இந்தக் காற்றில் மனுஷன் எப்படி ஏழு இருபதுக்கு வருகிறார்?

அன்று சாயங்காலம் காபி கொடுக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"இப்பம் காத்து இந்த அடி அடிக்கே, வர நேரம் ஆகலியா?"

"போம்போது தள்ளுது, வரும்போது புடிக்கி. அதுக்கு இது சரியாப் போவும்லா." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் ஏது? அவர் குளிக்கப் போனதும் சட்டையை முகர்ந்து பார்த்தாள். பேங்கில் வேலை பார்க்கும் ஸ்ரீமதியைப் பற்றி அவர் எப்போதோ நல்லபடியாகச் சொன்னது ஞாபகம் வந்து, முகம் தெரியாத அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். மூன்று நாள் மணி பார்த்தாள். மூன்று நாளும் ஏழு இருபது. நாலாம் நாள் அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போடுமுன் நோட்டோடு வாசலில் போய் நின்றாள்.

"பாவூர்சத்திரம் போயிட்டு இந்தக் காத்துல எம்பது நிமிசத்துல வர முடியாது. எங்க போறீங்க? யாரு அவ?"

முத்துச்செல்வம் நோட்டைப் பார்த்தார். பொண்டாட்டியிடம் சமாளிக்கலாம், கணக்கு டீச்சரிடம் முடியுமா?

"வடகரைக்கு," என்றார். "அபியைப் பாக்க."

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போன ஒரே மகள் அபி. பதினாலு மாதமாக அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவளே சங்கரேஸ்வரிதான்.

"மேக்க ஒம்பது கிலோமீட்டர். போக அரை மணி, வர அரை மணி, அவகிட்ட இருவது நிமிசம். இப்பம் போம்போது எதிர்க்காத்து. அவளைப் பாக்க பன்னெண்டு நிமிசந்தான் கெடைக்கி."

அவள் நோட்டில் போட்டுப் பார்த்தாள். போக நாற்பத்தைந்து, வர இருபத்திரண்டரை. எண்பதில் மீதி பன்னிரண்டரை. சரியாக வந்தது. கண் கலங்கியது, கோபமும் வந்தது. இத்தனை நாள் தனியாகப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே இட்லிக்குச் சட்னி கேட்டிருக்கிறார்!

"நல்லாருக்காளா?"

"ஏழு மாசம்."

சங்கரேஸ்வரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையக் கேட்டாளா?"

"தெனமும் கேப்பா," என்றார் அவர், சட்டென்று.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பதில் கொஞ்சம் அவசரமாக வந்ததுபோல இருந்தது.

"நீங்க சொல்லுததை நான் நம்ப மாட்டேன். நாளைக்கு ஸ்கூட்டியில நானும் வாரேன். அவகிட்டயே கேட்டுக்கிடுதேன்."