எங்கள் சோப்பும் மருமகளின் முகமும்

அன்று காலை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான். சோப்புப் பட்டறையை நடத்துகிற என் தம்பி. அவனுடைய ஒரே மகன். அந்த மகனின் மனைவி, எங்கள் மருமகள். பெரிய கடை ஒன்றிலிருந்து சரக்குப் பார்க்க வந்த அம்மா. பட்டறை வண்டியை ஓட்டுகிறவர். வாயில் எதுவும் தங்காது என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். இவர்களைத் தவிர ஈ, காக்கை இல்லை. தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கும் எதிர்வீட்டம்மா அந்த நேரத்தில் தன் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன்.

எங்கள் சோப்பு என் அப்பா தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் எண்ணெயும் காரமும் சேர்த்துக் கிண்டி, அச்சில் ஊற்றி, கம்பியால் அறுத்து, பலகைகளில் அடுக்கிக் காயவைக்கிறோம். வாசனை குறைவு, காரம் தூக்கல். அப்பாவுக்கு அதில்தான் பெருமை. முகம் கழுவியதும் ஈர விரலைக் கன்னத்தில் வைத்து இழுத்தால் கிறீச் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி கழுவ வேண்டும். தோல் உரிந்தால் அழுக்கு வெளியேறுகிறது என்று அப்பா சொல்வார். நானும் தம்பியும் அப்படித்தான் வளர்ந்தோம். என் கணவர் இறந்து நான் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து, பிறகு தம்பி மனைவியும் போய்ச் சேர்ந்ததும், வீட்டுச் சாவிக்கொத்தோடு கன்னத்தைச் சோதிக்கும் அந்த வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

மருமகள் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் ஆசிரியை. மூக்கைத் துடைத்துவிடுவது, கைபிடித்து எழுத வைப்பது, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே பாடம் நடத்துவது என்று நாள் முழுவதும் பிள்ளைகளோடுதான் இருப்பாள். வந்த புதிதில் அவள் பெட்டியில் ஒரு சின்ன புட்டி இருந்தது. பால் மாதிரி ஏதோ ஒன்று. தொட்டுப் பார்த்தேன், நுரையே இல்லை. என்ன இது என்று கேட்டேன். தனக்குச் சிறு வயதிலிருந்தே வறண்ட தோல் என்றும், இதைத்தான் முகத்துக்குப் போடுவதாகவும் சொன்னாள்.

"நுரை வராததைப் போட்டா அழுக்கு எப்படிம்மா போகும்?" என்றேன். "சோப்புக்காரங்க வீட்டு மருமக வேற கம்பெனி புட்டியைத் தூக்கிக்கிட்டுக் குளிக்கப் போனா, ஊர்ல நம்ம சோப்பை யார் வாங்குவா?"

"ஊரு என் குளியலறைக்குள்ள வராது பெரியத்தை," என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. புட்டியை வாங்கிச் சாமான் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தம்பி மகன் அதே அறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தான். தாளைத் திருப்பினானே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பெண் முதல் பூசலைக் குளியலறையில் தொடங்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அடக்கமான பெண் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவள் மூக்கின் இரு பக்கமும் வெள்ளையாகச் செதில் எழும்பியது. கன்னம் சிவந்தது. அழுக்கு வெளியேறுகிறது என்று அப்பா சொன்னதையே நான் அவளிடம் சொன்னேன். பெரிய கடையிலிருந்து ஆள் வரப்போவது உறுதியானதும் பள்ளிக்குப் போகுமுன், வந்தபின், படுக்குமுன் என்று எல்லா வேளையும் கழுவ வைத்தேன். முரட்டுத் துண்டால் அழுத்தித் துடைக்கச் சொன்னேன். விரலை வைத்து இழுத்தால் கிறீச் என்றது. எனக்கு மனம் நிறைந்தது. விரல் பட்டதும் அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். முறைத்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்கார அம்மா வந்தார். மெல்லிய குரல். முகத்துக்கான சோப்புகளுக்கென்று கடையில் தனிப் பகுதி திறக்கிறார்களாம், எங்கள் பெயரை யாரோ சொன்னார்களாம். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. வியாபாரி யார் வந்தாலும் வீட்டு ஆள் ஒருவர் அவர் எதிரிலேயே எங்கள் சோப்பில் முகம் கழுவிக் காட்டுவது அப்பா காலத்திலிருந்து வழக்கம். முன்பு தம்பி கழுவுவான். இப்போது வழுக்கை விழுந்து, எங்கே முகம் முடிகிறது எங்கே தலை தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியாததால், தண்ணீர்ப் பாத்திரம் வைத்த மேசை முன்னால் மருமகளை உட்கார வைத்தான். எங்களுக்கு விளம்பரமே வேண்டாம், இந்த முகம் போதும் என்று கடைக்கார அம்மாவிடம் பெருமையடித்தான்.

மருமகள் பவுடர் பூசி வந்திருந்தாள். முதல் கை தண்ணீரில் பவுடர் போயிற்று. இரண்டு கன்னமும் நெருப்புப் பட்டது போல் இருந்தன. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. சோப்பைக் குழைத்துத் தேய்த்தாள். வாயோரம் வெடித்து, வெள்ளை நுரையில் பொட்டளவு ரத்தம் தெரிந்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கடைக்கார அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். வெறும் தண்ணீரை அள்ளி அவரே நுரையைக் கழுவினார். தன் கைக்குட்டையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். பிறகு, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் மகன் தரையைப் பார்த்தான். வாசலருகே ரேடியோ வாய் திறந்தபடி நின்றார். அப்பாவின் சோப்பு அந்த மேசை மேல் நனைந்து கிடந்தது. யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, நான் சொன்னேன்.

"சோப்பால இல்லைங்க. அவ பிறந்த வீட்டுத் தோலே அப்படி. ரத்தத்துல இருக்கு. நாங்க தெரியாம கட்டிக்கிட்டு வந்துட்டோம்."

மருமகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காதோரம் இன்னும் கொஞ்சம் நுரை இருந்தது. மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசியிருந்தால் எனக்கும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவள் எழுந்து உள்ளே போனாள்.

கடைக்கார அம்மா தம்பியிடம் மட்டும், தரை கழுவ இதைவிட நல்ல சோப்பைத் தான் பார்த்ததில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மாதிரிக்கு ஒரு கட்டிகூட எடுத்துக்கொள்ளாமல் போனார்.

ரேடியோ தன் வண்டியில் சோப்போடு நான் சொன்னதையும் கடை கடையாக இறக்கினார். முதல் கடையில் அது வறண்ட தோலாகத்தான் இருந்திருக்கும். கடைசிக் கடைக்குப் போவதற்குள் அது தொற்றுவியாதி ஆகிவிட்டது. மருமகளின் தங்கைக்கும் இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது, அந்த வீட்டில் தனித் தட்டு, தனிப் படுக்கை என்று கை கால் முளைத்துவிட்டது. எதிர்வீட்டம்மா ஒரு நாள் வந்து உட்கார்ந்து, எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை பேசினார். பெற்றோர் பயப்படுகிறார்கள், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார். பிள்ளைகளைத் தொடாமல் செய்கிற வேலை அங்கே இல்லை என்றும், பெற்றோர் பயம் தெளியாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாராம். மருமகள் சரி, சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அன்று மாலையே அவள் அம்மாவும் கூப்பிட்டார். கதவு பாதி சாத்தியிருந்தது. நான் துணி மடிக்கிற சாக்கில் வெளியே நின்றேன்.

"இல்லம்மா. இங்க யாரும் ஒண்ணும் சொல்லலை. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தேன். குடும்ப மானம், குடும்ப மானம் என்று காலமெல்லாம் பேசியவள் நான். அந்த மானத்தை அன்று அவள்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், அதுவும் என்னிடமிருந்து.

மறுநாள் சாப்பிடும்போது தம்பி மகன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அவ வேலை போகப்போகுது பெரியத்தை. புட்டியை நீங்க பூட்டினப்பவே நான் பேசியிருக்கணும்."

தம்பி குறுக்கிட்டான். நாலு நாளில் ஊர் மறந்துவிடும், இப்போது போய்ச் சோப்பின் மேல் பழி போட்டால் அப்பா பெயர் என்ன ஆகும் என்று கேட்டான். ஒரு வாரத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே குரலில் நான் கேட்டிருப்பேன். அதனால் அவனிடம் கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அலமாரியைத் திறந்து புட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மருமகள் கைகழுவும் தொட்டி அருகே நின்றிருந்தாள். நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். கதவை மூடவில்லை, நானும் நகரவில்லை. தண்ணீரைக் கையில் பிடித்து, சூடும் இல்லாமல் சில்லென்றும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். அந்தப் பாலில் கொஞ்சம் எடுத்து விரல் நுனியால் முகம் முழுக்கப் பரப்பினாள். தூங்கும் பிள்ளையின் முகத்தைத் தொடுவது போல இருந்தது. வெறும் தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றினாள். ஈரம் முழுக்கக் காயுமுன் ஏதோ களிம்பு தடவிக்கொண்டாள். அவ்வளவுதான்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "கிறீச்னு வருதா?" என்று கேட்டேன்.

"வரக்கூடாது பெரியத்தை. வந்தா, தோல்ல இருக்கற எண்ணெயெல்லாம் போயிடுச்சுன்னு அர்த்தம்." குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளிடம் பேசிப் பேசி வந்த பொறுமை. "நீங்களும் கழுவிப் பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். மதியம் வீட்டில் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில், வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். சோப்பு இல்லை, தேய்ப்பு இல்லை. துணியை வைத்து ஒற்றினேன். முகம் இழுக்கவில்லை. என் வாழ்நாளெல்லாம் முகம் கழுவினால், தோல் எலும்புக்குப் போதாதது போல இழுத்துப் பிடிக்கும். வாயைத் திறந்து சிரிக்கவும் முடியாது. அதையே சுத்தம் என்று நினைத்திருந்தேன். ஆனால் இது எனக்குப் புதிய செய்தி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவள் வாயோரத்தில் ரத்தம் பார்த்த அந்த நொடியே சோப்புதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் பிறந்த வீட்டை இழுத்தேன்.

அடுத்த நாள் காலை, வெளியே போகும்போது உடுத்துகிற நல்ல உடையை உடுத்தினேன். செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பள்ளி வாசலில் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரம். தலைமை ஆசிரியை வாசலிலேயே நின்றிருந்தார். என்னை உள்ளே வரச் சொன்னார். இங்கேயே பேசுகிறேன் என்றேன். முதுகை வளைக்காமல்தான் நின்றேன்.

"எங்க மருமகளுக்கு வியாதி எதுவும் கிடையாது. எங்க பட்டறை சோப்பு முகத்துக்கு ஆகாது. வேண்டாம்னவளை நான்தான் கட்டாயப்படுத்திக் கழுவ வச்சேன். அவ பிறந்த வீட்டுத் தோல்னு நான் சொன்னது பொய்."

ஒரு பெண், இது ஒட்டிக்கொள்ளாது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மருமகள் கன்னத்தைத் தினமும் விரலால் தேய்த்துப் பார்த்தவள் நான், எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றேன். ஒரு தகப்பனார், அப்படியானால் தான் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருப்பதை என்ன செய்வது என்றார்.

"துணி துவைங்க," என்றேன். "நல்லா வெளுக்கும்."

யாரோ சிரித்தார்கள். எங்கள் அப்பா பெயரை வைத்துத் தெருவில் ஒருவர் சிரிப்பதை அன்றுதான் கேட்டேன். கேட்டுக்கொண்டு நின்றேன். தலைமை ஆசிரியை, முகம் ஆறினாலும் ஆறாவிட்டாலும் திங்கட்கிழமை அவளை வரச் சொல்லுங்கள் என்றார்.

மருமகள் வேலைக்குப் போகிறாள். கன்னம் பழையபடி ஆகிக்கொண்டு வருகிறது. தம்பி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் சோப்பு உறையிலிருந்து முகம் என்ற சொல்லை எடுத்துவிட்டான். மருமகளின் அம்மாவிடம் நானே போனில் பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிங்க என்றார், அவ்வளவுதான். மருமகள் என்னைப் பெரியத்தை என்றுதான் கூப்பிடுகிறாள், காப்பி கொண்டுவந்து தருகிறாள். முன்பு போல வந்து பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்வதில்லை. கேட்டு வாங்குகிற பொருளில்லை அது. நான் கேட்கவும் இல்லை.

இப்போது ரேடியோ வேறொன்றைக் கடை கடையாக இறக்கிக்கொண்டிருக்கிறார். மருமகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் எல்லார் காலிலும் விழ வைத்தாளாம். அது நடக்கவில்லை. அன்று காலை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். போகிறேன் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. தனியாகப் போனேன், நடந்து போனேன், யார் காலிலும் விழவில்லை.