நாலு வயரிலும் ஒரே பொட்டு

காரைக் கிளப்ப ஹேண்டிலை ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினேன். டமார் என்று வெடித்தது. ஹேண்டில் என் கையை உதறிவிட்டுத் திரும்பி அடிக்க, நான் இரண்டடி பின்னால் போய் மண்ணில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்ற நல்லையா, வாயில் கரித்தூளோடு அப்படியே சாக்கடைக்குள் படுத்துவிட்டார். மலாய் நாட்டில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். வெடிச்சத்தம் கேட்டால் முதலில் படுப்பது, பிறகு யோசிப்பது என்று எல்லோருமே பழகியிருந்தோம்.

“யாரு சுட்டது?” என்று சாக்கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எவனும் சுடல. என் காரு.”

“உன் காரையா சுட்டுட்டான்?”

“யோவ், எழுந்து வந்து வாயக் கொப்பளிய்யா.”

சிரிக்க எனக்கு நேரமில்லை. ஐம்பத்தாறாம் வருஷம், பிப்ரவரி மாதம், திங்கட்கிழமை காலை. லண்டன் போன தலைவர்கள் திரும்பி வந்து பண்டார் ஹிலிர் திடலில் பேசப்போகிறார்கள், சுதந்திரம் எந்தத் தேதி என்று சொல்லப்போகிறார்கள் என்று எங்கள் காஜா பெராங் முழுக்க ஒரே பேச்சு. நான் நம்பவில்லை. குடியிருக்கிற பங்களாவைக் காலி பண்ணவே வெள்ளைக்காரன் ஆறு மாதம் யோசிப்பான். நாட்டையா காலி பண்ணப் போகிறான்? ஆனால் என் வீட்டுக்காரி பூங்காவனம் நம்பினாள். ரப்பர் தோட்டத்தில் பால் வாளியோடு வழுக்கி விழுந்து முழங்கால் போனவள். மாரியம்மன் கோயில்வரைக்கும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பாள், அதற்கு மேல் முடியாது. “ஊரே போவுது. நான் மட்டும் இங்க உக்காந்து போறவங்க முதுகப் பாக்கணுமா?” என்றாள். என்னிடம் அவள் எதையும் கேட்டதே இல்லை. கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கார் பழைய ஆஸ்டின். தோட்டத்தில் லாரி ஓட்டிய எனக்கு, ஊருக்குத் திரும்பிய துரை ஒருவன் தள்ளிவிட்டுப் போனது. இதே மாதிரி ஆஸ்டின் எங்கள் வட்டாரத்தில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசப் பழகிவிட்ட சிட்டி ஆட்களின் கம்போங்கில் இருந்த தியாகு பிள்ளையுடையது. இன்னொன்று ஓய்வு பெற்ற கிளார்க், யாழ்ப்பாணத்துப் பொன்னுதுரையுடையது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூன்று வண்டிக்கும் பானெட்டைத் திறந்துவிடுவோம். பொன்னுதுரையிடம் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. தியாகுவிடம் கை இருந்தது. பிளக்கின் இடைவெளியை பஸ் டிக்கெட்டைச் செருகி அளப்பான். எண்ணெய் ஒழுகுகிற இடத்துக்குப் பழைய செருப்புத் தோலை வெட்டி வைப்பான், ஒழுக்கு நின்றுவிடும். என்னிடம் இருந்தது சந்தேகம்தான். தியாகுவுக்குத் தமிழ் என்று பார்த்தால் பத்துச் சொல் தேறாது, பேச்செல்லாம் மலாய். கோயிலில் மட்டும் என்னைவிடப் பெரிதாகப் பட்டை போட்டுக்கொண்டு நிற்பான். அவனை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் வண்டியை அவன் தொட்டுவிட்டுப் போனால் எல்லா சாமானும் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பிளக் ஒவ்வொன்றிலும் ஆணியால் ஒரு சிலுவைக் கீறல் போட்டு வைத்திருந்தேன், மாற்றிவிட்டால் தெரியட்டும் என்று.

மழை ஈரம் பட்டால் பிளக் வயர் நெருப்பை ஒழுகவிடும். சைக்கிள் டியூபை வெட்டி வயர்மேல் சுற்றினால் போதும் என்று தியாகுதான் காட்டினான். “நான் வரேன், நான் போடறேன்” என்று மலாயில் சொன்னான். வேண்டாம் என்று நானே ஞாயிறு சாயங்காலம் நாலு வயரையும் கழற்றி, டியூபைப் பசை தடவிச் சுற்றினேன். எது எங்கே போகவேண்டும் என்று மறக்காமலிருக்க, எழுதத் தெரியாத குறைக்கு, ஒன்றில் குங்குமம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் அடுப்புக்கரி வைத்தேன். வயரின் ஒரு முனை போகிற பிளக்கிலும், மறுமுனை போகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் துளையிலும் அதே நிறம். பசை காயட்டும், காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

விடியலில் பூங்காவனம் எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். முதன்முதலாக வண்டியில் ஏறப்போகிறவள். பானெட்டைத் திறந்து, ஈரத்துணியால் எஞ்சினைக் கண்ணாடி மாதிரித் துடைத்து, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறாள். நான் வைத்த நிறமெல்லாம் போய், நாலு வயருக்கும் ஒரே பொட்டு. வயர் போகிற எட்டு இடத்துக்கும் பொட்டு. கல்யாணப் பெண் மாதிரி இருந்தது எஞ்சின். நான் குத்துமதிப்பாக மாட்டினேன். அதுதான் அந்த வெடி.

“அறிவு கெட்டவளே, அது என்ன அம்மியா? பொட்டு வெக்கிற எடமா அது?” என்று கத்தினேன்.

“சாமி காரியம்தானே செஞ்சேன்” என்றாள்.  பிறகு மெல்லத் தலையிலிருந்த பூவை எடுக்க ஆரம்பித்தாள். “நீங்க போய்ட்டு வாங்க. வந்து சொல்லுங்க, போதும்.”

திட்டினால் திருப்பித் திட்டுகிறவள்தான் அவள். அன்றைக்குத் திட்டவில்லை. 

வெடிச்சத்தம் கேட்டு மற்ற இரண்டு ஆஸ்டினும் வாசலில் வந்து நின்றன. தியாகுவின் வண்டியில் அவன் மனைவி அன்னம்மா, கொண்டையும் கெபாயாச் சட்டையுமாக, மடியில் சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பொன்னுதுரை வெள்ளைக் கால்சட்டையோடு இறங்கிப் புத்தகத்தைப் பிரித்தார்.

“ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு. அதுதான் நெருப்புப் போற ஒழுங்கு காணும். என்ர வண்டியைப் பார்த்து அப்பிடியே கொளுவும்.”

அப்படியே மாட்டினேன். மறுபடியும் டமார். நல்லையா இந்தத் தடவை நின்றபடியே காதைப் பொத்திக்கொண்டார்.

“அதெப்பிடி?” என்று பொன்னுதுரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் குனிந்து பார்த்தார். “ஐசே, இது ஆஸ்டின் மூடியே இல்லையே! என்ர வண்டியைப் பார்த்துக் கொளுவினா எப்பிடிச் சரிவரும்?”

உண்மைதான். செமாபோக்கில் நொறுங்கிக் கிடந்த வேறொரு வண்டியிலிருந்து நல்லதாகத் தெரிகிறதே என்று கழற்றி வந்து, யாரிடமும் சொல்லாமல் நானே மாட்டியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

ரோட்டில் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. சைக்கிள், மாட்டுவண்டி, கொடி கட்டிய லாரி. “மெர்டேக்கா!” என்று, விடுதலை கைக்கு வந்துவிட்ட மாதிரி, லாரியிலிருந்து கத்தினார்கள். அன்னம்மா ஹாரனை அழுத்தினாள். தியாகு அவளுக்குக் கையைக் காட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றினான்.

“அண்ணே, உங்க ஜாரி” என்று என் கட்டைவிரலைப் பிடித்தான்.

பாதி மலாயிலும் பாதி சைகையிலுமாகச் சொன்னான். முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் நான் விரலை வைக்கவேண்டும். அவன் ஹேண்டிலை மெல்லச் சுற்றுவான். உள்ளே காற்று விரலைத் தள்ளுகிற நேரத்தில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றுகிற நாக்கு எந்தத் துளைப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதில்தான் அந்தப் பிளக்கின் வயர் போகவேண்டும். என் விரல் எஞ்சினுக்குள்; ஹேண்டில் இவன் கையில். நான் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன். அவன் அதைப் பார்த்தான். பிளக்குகளைக் கழற்றும்போது கீறலையும் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாவற்றையும் உள்ளங்கையில் உருட்டினான். என் காது சுட்டது.

“அண்ணே, இது பெஞ்சூரி பூன் தா மாவு” என்றான்.

இதைத் திருடன்கூட வேண்டாம் என்பானாம். பொன்னுதுரை புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பூங்காவனம்கூடச் சிரித்துவிட்டாள்.

“சுத்துடா!” என்றேன்.

சுற்றினான். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். திடீரென்று விரலுக்கடியில் காற்று முட்டியது, கன்றுக்குட்டி மடியை முட்டுகிற மாதிரி. “வந்திருச்சு!” என்று அலறினேன். பொன்னுதுரை நாக்கைப் பார்த்து, அது காட்டிய துளையில் வயரைச் செருகினார். அடுத்தது. “வந்திருச்சு!” அடுத்தது. நல்லையா கிட்டே வந்து அவரும் சேர்ந்து கத்தினார். நாலாவதுக்கு வாசலே கத்தியது.

பிளக்கை முடுக்கினோம். சாவியைத் தியாகுவிடம் கொடுத்தேன். நான் ஹேண்டிலை ஒரு சுற்றுதான் சுற்றினேன். தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது.

“ஏறுடி!” என்றேன்.

பாதி எடுத்த பூவோடு ஏறினாள்.

மூன்று ஆஸ்டினும் வால்பிடித்துப் போனோம். முன்னால் தியாகு, நடுவில் நான், பின்னால் பொன்னுதுரை. பண்டார் ஹிலிர் வரைக்கும் போகவிடவில்லை. கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. எங்களுக்கு முன்னால் தலைகளும் குடைகளும்தான். ஒலிபெருக்கி எங்கோ இரைந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று நான் எஞ்சினை ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன்.

“ஒண்ணும் தெரியலியே” என்றாள் பூங்காவனம்.

முன்வண்டியிலிருந்து தியாகு இறங்கி ஓடிவந்தான். என் வண்டிக்கு மேலே, துரை தான் வெயில் காய வைத்திருந்த இழுப்புக் கூரை, துரு ஏறி நான் ஒருநாளும் திறக்காதது. முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தி, பின்னால் இழுத்துத் தள்ளினான். வெளிச்சம் தொப்பென்று எங்கள்மேல் விழுந்தது. அவன் அவள் அக்குளில் கை கொடுக்க, நான் இடுப்பைத் தூக்க, சீட்டின்மேல் ஏறி நின்றாள். தடுமாறாமலிருக்க ஒரு கையை என் வழுக்கைத் தலைமேல் ஊன்றிக்கொண்டாள்.

அப்போது கூட்டம் எழுப்பிய சத்தத்தில் கதவு அதிர்ந்தது. தியாகு என் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ கத்தினான்.

“என்னா சொல்றாங்க? தேதி சொல்லிட்டாங்களா? என்னா தெரியுது?” என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

 எனக்குத் தெரிந்தது அவள் கால் மட்டும்தான். வீங்கின முழங்காலுக்குக் கீழே, சீட்டுத் தோலில் அழுந்தியிருந்த இரண்டு குதிகாலும் மெல்ல மேலே எழும்பின.