எரிந்த பேர்

வாசற்படியில் வைத்த காலை அத்தை வெடுக்கென்று பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"நான் இங்கயே நிக்கறேன்டி. இங்கயிருந்தே பிரார்த்தனை பண்ணிக்கறேன்."

"வாசல்ல நிக்கறதுக்கா அத்தை மூணு பஸ் மாறி வந்தீங்க?"

மகள் குரலை அடக்கித்தான் கேட்டாள். சன்னலுக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில். மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை வந்தது. இழுக்கும், நின்றுபோகும், மறுபடி இழுக்கும். காலையில் வந்த நர்ஸம்மா நாடி பார்த்துவிட்டு இவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "பொழுது சாயறவரைக்கும் தாங்கினா பெரிசு. பார்க்கவேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றிருந்தாள். பார்க்கவேண்டியவள் ஒரே ஒருத்திதான். அவள் வந்தும் விட்டாள். வந்தவள் படி ஏறமாட்டேன் என்றால் என்ன செய்ய?

ஒரு வாரமாக அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. பால் வேண்டாம், மாத்திரை வேண்டாம், "அக்கா வந்துட்டாளா?" மட்டும்தான். நேற்றுவரை குரல் இருந்தது. இன்று காலை உதடு மட்டும் அசைந்தது.

அப்பா வித்தைக்காரர். பள்ளிக்கூட விழா, பிறந்தநாள், கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கைக்குட்டையை முட்டையாக்குவார், முட்டையைக் காணாமல் போக்குவார், வீட்டுச் சாவியையும் அதே லாகவத்தோடு தொலைத்துவிட்டு வந்து நிற்பார். அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள் மகள். எல்லா வித்தையையும் பின்பக்கத்திலிருந்தே பார்த்தவளுக்கு மந்திரம் மாயம் என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். இப்போது ரத்தம் சோதிக்கும் இடத்தில் வேலை. கண்ணாடித் தகட்டில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதிக் கொடுப்பாள், அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கமாட்டாள்.

அத்தை அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அக்கா. இந்த வீட்டுப்படி மிதித்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டால், மகளுக்கு அப்போது பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. காரணம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்குத் தாமதமாகத்தான் வரன் அமைந்தது, அப்போது கல்யாணமான புதுசு. விருந்துக்குக் கூடியிருந்த இடத்தில் அப்பா வித்தை காட்டினார். அக்கா கையில் காகிதத்தைக் கொடுத்து, மனசுக்குள் இருக்கும் ஒரு பேரை எழுதச் சொன்னார். எழுதியதை மடித்து வாங்கி எரித்தார். சாம்பலை எடுத்துத் தன் முழங்கைக்குக் கீழே தேய்த்தார். கையில் மாமாவின் பேர் கறுப்பாக எழும்பி வந்தது. "சரிதானே?" என்று அப்பா கேட்டார், அத்தை ஆமாம் என்று தலையாட்டினாள், கூட்டம் கைதட்டியது. அடுத்த வாரம் பைக்கில் போன மாமா லாரியில் அடிபட்டு இறந்துபோனார்.

அவ்வளவுதான், வாய்கள் திறந்துகொண்டன. பேரை எரித்தான், ஆளே போய்விட்டான் என்றார்கள். அப்பா அழுதுகொண்டு போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. அதன்பிறகு அந்த வித்தையை அவர் செய்யவே இல்லை. ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தபோது, "நெஜமாவே ஏதாச்சும் ஆயிருக்குமோடி?" என்று இவளிடம் கேட்டார். வித்தைக்காரரே இப்படிக் கேட்கிறாரே என்று இவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அத்தை, மந்திரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"கிடையாததை எதுக்குடி வேதத்துல செய்யாதேன்னு எழுதி வச்சிருக்கு?" அத்தையின் கையில் துணியில் சுற்றிய பிரார்த்தனைப் புத்தகம் இருந்தது. "ஆகாசத்துல நடக்காதேன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? நடக்க முடியாது, அதனால எழுதல. நடக்கிறதைத்தானே வேண்டாம்னு சொல்லுவாங்க?"

கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக்கூடாது.

"மனுஷங்க பயந்துபோய் எழுதினது அத்தை."

"சும்மாவா பயப்படுவாங்க?"

உள்ளே மூச்சு நின்றது. இரண்டு பேரும் சன்னலைப் பார்த்தார்கள். மறுபடி இழுத்தது. வாயால் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தால் உள்ளே காரியம் கெட்டுவிடும், செய்தே காட்டிவிட வேண்டியதுதான் என்று மகள் முடிவு செய்தாள். "ஒரு நிமிஷம் இருங்க, போயிடாதீங்க" என்று குளியலறைக்கு ஓடினாள்.

காய்ந்த சோப்பில் ஒரு சில்லு உடைத்து, இடது கையின் உட்பக்கம் அழுத்தி எழுதினாள். வித்தை இவ்வளவுதான். காய்ந்ததும் எழுதியது கண்ணுக்குத் தெரியாது. சாம்பலைத் தேய்த்தால் சோப்பு இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ன பேர் எழுதுவார்கள் என்று ஊகிப்பதில்தான் சாமர்த்தியமே. "புதுப்பொண்ணு, பக்கத்துல புருஷன் நிக்கறான். வேற யார் பேரை எழுதிடப் போறா?" என்று அந்த விருந்தன்றே அப்பா கண்ணடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அத்தை இன்றைக்கு வேறு யார் பேரை எழுதிவிடப் போகிறாள்? மகள் 'தம்பி' என்று எழுதி, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கி விட்டுக்கொண்டாள்.

காகிதம், பென்சில், ஒரு பீங்கான் தட்டு, தீப்பெட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன.

"மனசுல இருக்கிற ஒரு பேரை எழுதுங்க அத்தை. அப்பா என்ன செஞ்சார்னு கண்முன்னாடி காட்டறேன். மாமா போனதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லேன்னு நீங்களே..."

அத்தை காகிதத்தை வாங்கினாள். பென்சிலையும் வாங்கினாள். தீப்பெட்டியைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சோப்புதானே?" என்றாள்.

மகள் திகைத்துப் போனாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"சோப்போ சுண்ணாம்போ, எதையோ முன்னாடியே எழுதிட்டு வந்திருக்கான்னு அன்னிக்கே தெரியும். உங்கப்பனுக்கு மந்திரமும் தெரியாது, மண்ணும் தெரியாதுடி. நான் எழுதினது உங்க மாமா பேரே இல்ல."

"பின்ன?"

"பூனைன்னு எழுதினேன்."

சின்ன வயசில் அப்பாவுக்கு அதுதான் பட்டப்பேர். சத்தமில்லாமல் நடந்து சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணுகிறவனுக்கு அக்கா வைத்த பேர். "இத்தனை பேர் முன்னாடி அவன் வாயாலயே பூனைன்னு சொல்ல வைக்கணும்னு ஒரு குறும்பு. அவன் என்னடான்னா கையைத் தேய்ச்சு இவர் பேரைக் காட்டறான். சரிதானேன்னு என் மூஞ்சியைப் பார்க்கறான். அவனோட முதல் ஆட்டம்டி அது. நெத்தியெல்லாம் வேர்வை. பக்கத்துல உங்க மாமா, என் பொண்டாட்டி என் பேரை எழுதியிருக்கான்னு சிரிச்ச முகமா நிக்கறார். அப்பப் போய் இல்லேன்னு சொல்லுவாளா ஒருத்தி? தலையாட்டிட்டேன்."

சொல்லிவிட்டு அத்தை மூச்சு வாங்கினாள். மகளுக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. அத்தை அதைக் கவனிக்கவில்லை.

"எரிஞ்சது தம்பி பேரு. வந்த எமனுக்கு நான்தான் தலையாட்டிப் புருஷனைக் கைகாட்டி விட்டேன்."

"அத்தை, என்ன பேச்சு இது?"

"இத்தனை நாளா ஏன் வரலேன்னு நினைக்கற? அவன் மேல கோபமா? அவன் எதிர்ல உட்கார்ந்தா உண்மையைச் சொல்லாம இருக்க முடியாது என்னால. சொன்னா அது திரும்பி, சரியான ஆளைத் தேடி வந்துடும்னு பயம். வாயை மூடிட்டு ஒதுங்கியே இருந்தா அவனாவது இருப்பான்னு இருந்தேன். இப்ப உள்ள போகச் சொல்றியே, போகட்டுமா? நீ சொல்லு. படிச்சவதானே?"

மகளின் கை கதவின்மேல் இருந்தது. ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளவேண்டியதுதான் பாக்கி. அப்பாவின் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று இவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். சோதித்த தகட்டை இவள் கண்ணாலேயே பார்த்தாள். அந்த நோய்க்குப் பேரும் தெரியாது, பூனையும் தெரியாது. எல்லாம் சரி, ஆனால் கை மட்டும் கதவைத் தள்ளமாட்டேன் என்றது. வேண்டாம் அத்தை, போகாதீங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பயமாக இருந்தது. பயப்படுகிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மா, கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்று உள்ளேயிருந்து நர்ஸம்மா கூப்பிட்டாள்.

மகள் கதவைத் தள்ளினாள். "போங்க அத்தை. சொல்லிடுங்க. ஒரு வாரமா உங்களையேதான் கேட்டுட்டிருக்கார். மத்ததெல்லாம் கிடக்கட்டும்."

அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கடைசியாகப் பார்த்தபோது அவருக்கு மீசை கறுப்பு. இப்போது முகத்தில் மூக்கு மட்டும்தான் மிச்சம். அத்தை குனிந்து, காதுகிட்டே வாயை வைத்து, "டேய் பூனை" என்றாள்.

அப்பாவின் இமை பிரிந்தது. காலையிலிருந்து திறக்காத கண் திறந்து, அக்காவின் முகத்தைத் தேடிப் பிடித்து நின்றது.

அத்தை சொன்னாள். அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். காகிதத்தில் எழுதியதைச் சொன்னாள், தலையாட்டியதைச் சொன்னாள். எமன் கதையை மட்டும் சொல்லவில்லை. மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் நெஞ்சையே பார்த்தபடி நின்றாள். போர்வைக்கடியில் தோள் குலுங்க ஆரம்பித்ததும், ஐயோ, வந்துவிட்டது என்று பதறி நர்ஸம்மாவின் கையைப் பிடித்தாள். "பயப்படாதீங்க, சிரிக்கறார்" என்றாள் நர்ஸம்மா.

சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. அது அடங்கியதும் உதடு அசைந்தது. அத்தை காதைக் கொண்டுபோனாள்.

"ஊத்திக்கிச்சா அக்கா?"

"நல்லா ஊத்திக்கிச்சுடா. யாருக்கும் தெரியாது."

அப்பா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அப்ப... அத்தான் பேரை... நான் எரிக்கல."

"நீ எரிக்கலடா கண்ணா. நீ ஒண்ணுமே செய்யல."

அப்பா அக்காவின் கைக்குள் கையை வைத்துக்கொண்டு கிடந்தார். நர்ஸம்மா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். சன்னல் வழியே வந்த வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவரில் ஏறியது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வொரு இடைவெளியிலும் மகள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றவள், நெஞ்சு அடைத்துப்போய்த் தானே மூச்சை விட்டுவிட்டாள். அப்பா விடவில்லை.

நர்ஸம்மா கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

மகள் ஓவென்று அழுதாள். அப்பா அப்பா என்று அந்தக் காய்ந்த கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை அழவில்லை. தம்பியின் கையை மெல்லத் தன் கையிலிருந்து எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். எழுந்துபோய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் சொன்னதாலயாடி?"

"இல்ல அத்தை."

"நிச்சயமா?"

"இல்ல அத்தை. டாக்டர் முன்னாடியே சொன்னதுதான். நோவு முத்திப்போச்சு." சொல்லும்போதே தன் குரலில் எங்கோ தெம்பு குறைவதுபோல் மகளுக்குப் பட்டது. அத்தைக்கும் பட்டிருக்கவேண்டும். புத்தகத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, தப்பு செய்த குழந்தையாட்டம் தரையைப் பார்த்தாள்.

ஆட்கள் வருவதற்குள் ஆகவேண்டியதைப் பார்க்கவேண்டும். நர்ஸம்மா வெந்நீரில் துணியைப் பிழிந்து உடம்பைத் துடைத்தாள். மகள் தலையை வாரிவிட்டாள், அப்பா எப்போதும் எடுக்கும் இடது வகிட்டையே எடுத்தாள். மேடைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இரண்டு பேருமாகப் போட்டுவிட்டார்கள். "முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுடலாம்" என்று நர்ஸம்மா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மகள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு டப்பாவைக் கவிழ்த்தாள். மூடி கழன்று பாதிப் பவுடர் அவள் கையில் கொட்டிவிட்டது.

"ஐயோ" என்று வலது கையால் அவசரமாகத் தட்டித் துடைத்தாள்.

பவுடர் உதிர்ந்தது. உதிராத இடத்தில் எழுத்து நின்றது.

எழுதியதையே மறந்திருந்த மகள் கையை மறைக்கப் போனாள். அதற்குள் அத்தை சுவரைவிட்டு வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அந்தக் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, 'தம்பி' என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கட்டிலைப் பார்த்தாள். திரும்பக் கையைப் பார்த்தாள்.

மகள் 'சரிதானே?' என்று கேட்கவில்லை. அத்தை தலையாட்டினாள்.