தாவூத் சொல்லும் பிரேக்ஃபாஸ்ட் கதை

செஞ்சிக் கோட்டைக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் கைடு தாவூத் தவறாமல் அவிழ்த்துவிடும் சரக்கு ஒன்று உண்டு. பிரேக் என்றால் முறிப்பது, ஃபாஸ்ட் என்றால் நோன்பு. இரவெல்லாம் பட்டினி கிடந்து காலையில் முறிக்கிறீர்கள், அதனால்தான் ஐந்நூறு வருஷம் முன்பே உங்கள் ஆட்கள் இரண்டையும் ஒட்டிவைத்தார்கள் என்பார். டின்னரும் நோன்பு முறிப்பதைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வாரிசுதான் என்று அவர் முடிக்கும்போது, பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

அவர் மனைவி ஜாஹிதா பேகத்துக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரமலான் மாதத்தின் அந்தக் காலையில், தான் நோன்பிலிருந்தபடியே, நாலு இட்லியைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

முந்தின நாள்தான் நோன்போடு ராஜகிரி மலைப் படியில் மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிற ஆள் இனி நோன்பு வைக்கவே கூடாதென்று டாக்டர் கத்தினார். நோயாளிக்குக் கட்டாயமில்லை, ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார். கேட்டாரா மனுஷன்? விடியுமுன் எழுந்து சாப்பிட்டுவிட்டு அன்றைக்கும் நோன்பு வைத்துவிட்டார். இரவெல்லாம் கண்விழித்துக் கிடந்த ஜாஹிதாவுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"ஊருக்கெல்லாம் பிரேக்ஃபாஸ்ட் கதை சொல்றீங்களே, நீங்க முறிச்சா இன்னா?"

"அது அவங்க நோன்பு, ஜாஹிதா. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒண்ணுகூட விட்டதில்ல."

"அல்லாவே சலுகை குடுத்திருக்கான். உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

தாவூத் தரையைப் பார்த்தார். "சாயங்காலம் தூக்கு எடுத்துக்கினு பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சிக்கு வரிசையில நிக்கணுமே. நோன்பில்லாதவன் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

அடப்பாவி மனுஷா, இதற்கா! ஜாஹிதாவுக்கு ஆத்திரம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"உங்க வெக்கம் இந்த ஒரு மாசம்தாங்க. நீங்க போய்ட்டா நான் நாலு மாசம் பத்து நாள் துக்கம் காத்து இத்தா இருக்கணும். வாசல் தாண்டாம, இந்தச் செவுத்தப் பாத்துக்கினு. என்னால முடியாதுங்க."

தாவூத் தட்டை இழுத்துக்கொண்டார்.

"தெருக்கதவையாவது சாத்திட்டு வா."

"எழுந்திருக்க முடியலீங்க. தொறந்தே கெடக்கட்டும்."

தாவூத் ஒருமுறை தெருவைப் பார்த்தார். பிஸ்மில்லா சொல்லி இட்லியைப் பிட்டார்.